நானூறு உறைகள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் இவரும் இங்கே நலமாயிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு பஸ் டிப்போவில் வேலை கொஞ்சமாவது குறைந்ததா? உங்கள் இருவரையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

நேற்று ஜீப் வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை மருந்தும் தபாலும் சேர்ந்து வரும் என்று உனக்குத் தெரியும். தடுப்பூசிப் பெட்டிதான் முதலில் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். நான் தபால் பையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள் செய்யக்கூடாத காரியம். இவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

உன்னிடம் விட்டு வந்த என் வாலுவின் கடிதம் இருந்தது. பதினோரு வரி, அக்கா. நான் நலம், நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகப் படிக்கிறேன், பெரியம்மா நலம், பெரியப்பா நலம். டிசம்பர் கடைசியில் வந்ததும் இதுதான், ஜனவரியில் வந்த இரண்டும் இதுதான். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேதியைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. யார் யாரைக் கிள்ளினாள், கணக்கு டீச்சர் எந்தப் புடவையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தார் என்று எட்டுப் பக்கம் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதுகிற பெண் அவள்.

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் உன் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறாளா? தபாலில் போடுவதற்கு முன் நீ படிக்கிறாயா? 'இதையெல்லாம் எழுதாதே, அம்மா கவலைப்படுவாள்' என்று யாராவது சொல்கிறீர்களா? நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்டில் ஆறு மாத விடுமுறைக்கு வருகிறோம். திரும்பும்போது அவளைக் கையோடு அழைத்து வந்து, மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாக இருக்கிறோம். எங்களிடமிருந்து ஒரு நாள் பயணம்தான். உனக்கு இதில் இஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தானோ என்று ஒரு நினைப்பு. நான் அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

உன் தங்கை

பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது, டிப்போவும் அப்படியே இருக்கிறது. விசாரிப்பு முடிந்ததா? விஷயத்துக்கு வருகிறேன்.

நான் என்ன ஜெயில் சூப்பிரண்டா, கைதியின் கடிதத்தைப் படித்து முத்திரை குத்தி அனுப்ப? காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு வரை மருந்துக்கடையில் நின்றுகொண்டு டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறேன். அதற்கு மேல் இன்னொருவர் எழுதியதைப் படிக்க என் கண்ணில் தெம்பு கிடையாது. அவளே எழுதுகிறாள், அவளே ஒட்டுகிறாள், அவளே தெருமுனைப் பெட்டியில் போடுகிறாள். தபால்தலை வாங்கிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

ஆனால் நீ ஆரம்பித்துவிட்டாய், அதனால் சொல்கிறேன். டிசம்பரிலிருந்து அவள் சரியாக இல்லை. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வருவாள். கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற முக்காலியில் ஏறி உட்கார்ந்து அன்றைய கதை முழுவதையும் கொட்டுவாள். கதை முடிகிறவரை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வாடிக்கைக்காரர்கள் உண்டு. இப்போது வருகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள், 'பெரியம்மா, தேதி முடிஞ்ச மருந்தைப் பிரிச்சு வைக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். வாலு வாலைச் சுருட்டிக்கொண்டாள் என்று உன் அத்தானுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. இந்த வயசில் ஒரு பெண் ஒரே வாரத்தில் சமர்த்தாகிவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுவலி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும். எந்த வயிற்றுவலி மாத்திரைக்குப் போகும், எது போகாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது போகாது.

நான் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்கிறாய். நீ அவளுக்கு என்ன எழுதினாய் என்று நான் கேட்கிறேன். அக்டோபரில் மூன்று நாள் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பக்கத்தில் போனால் எழுதுகிற அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். நவம்பரில் உன் பதில் வந்தது. அதில் என்ன இருந்தது? மழுப்பாமல் சொல்.

பிள்ளை இல்லாதவள், நம் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாள். 'அதற்கு மேல் எழுதப் போவதில்லை' என்று நீ நிறுத்தியது இதைத்தானே? ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, 'மூணு வருஷம் மட்டும் பாத்துக்கோக்கா' என்று அழுதவள் நீ. நான் கேட்டு வாங்கவில்லை. அடுத்த முறை வாக்கியத்தை முடித்து எழுது.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் எழுதாததை எழுதியதாக வைத்துக்கொண்டு நீ சண்டை போடுகிறாய். ஆனாலும் நான் நினைக்கவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அதை விடு.

செயலாளரம்மா எழுதியிருக்கிறார். நம் மிஷன் செயலாளருடைய மனைவி, உங்கள் சபையில் பெண்பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை நடத்துகிறவர். இரண்டு மாதமாக வாலு பாதி வகுப்பில் எழுந்து போய்விடுகிறாளாம். கேட்டால், 'பெரியம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க' என்கிறாளாம். நீயும் அத்தானும் ஆராதனைக்கு வருவதே அபூர்வம் என்றும், வீட்டில் குடும்ப ஜெபம் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்கிறாய் நீ. பெரியம்மா போகச் சொன்னாள் என்கிறாள் அவள். நான் யாரை நம்புவது?

அக்டோபர் கடிதம் ஒரு பிள்ளை தன் தாய்க்கு எழுதியது. அதில் என்ன இருந்தது என்று உன்னிடம் ஒப்பிக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. நல்லபடியாக, நாலு வசனம் குறிப்பிட்டு, அன்பாகத்தான் பதில் எழுதினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை அவள் எழுதியிருக்கவே மாட்டாள்.

இங்கே மகப்பேறு அறையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் 'பொறுத்துக்கொள்' என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதை யாரும் சொல்வதில்லை.

உன் தங்கை

ஏப்ரல் 1

தங்கச்சிக்கு,

செயலாளரம்மா நன்றாக வத்தி வைத்திருக்கிறார். நான் ஒரு நாளும் அவளைச் சீக்கிரம் வரச் சொன்னதில்லை. என் பேரைச் சொல்லி வெளியே வருகிறாள் என்றால், உள்ளே இருக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று அந்த அம்மாவைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். என்னைத்தான் கேட்பாய்.

இப்போது நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. நேற்று மெத்தையை வெயிலில் போடலாம் என்று தூக்கினேன். அடியில் உன் கடிதங்கள் இருந்தன. ஏழு. டிசம்பர் நடுவிலிருந்து வந்த அத்தனையும். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒட்டின பசை ஒட்டினபடியே இருக்கிறது.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டேன். 'அப்புறம் படிக்கிறேன் பெரியம்மா' என்றாள். ஏழையும் வாங்கி, மெத்தைக்கு அடியில் திரும்ப வைத்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆக, உனக்கு வருகிற பதினோரு வரி, அவள் படிக்காத கடிதங்களுக்கு எழுதிய பதில். நீ ஒவ்வொன்றிலும் நாலு கேள்வி கேட்பாயே, ஒன்றுக்காவது பதில் வந்ததா? அது கூடவா உனக்கு உறைக்கவில்லை?

இன்னொன்று. மார்ச் மாத ஜெபக் கடிதக் கட்டு மிஷன் ஆபீசிலிருந்து வந்தது. எதெதற்கு ஜெபிக்க வேண்டும் என்று நீ அங்கிருந்து எழுதி அனுப்ப, அவர்கள் அச்சடித்து நம் வீட்டுக்கு அனுப்ப, காணிக்கை அனுப்பி உங்களைத் தாங்குகிற நானூறு பேருக்கும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாங்கள் மடித்து ஒட்டுகிறோமே, அந்தக் கட்டுதான். எப்போதும் மடிக்கிற வேலை அவளுடையது. போட்டி வைத்து மடிப்பாள். இந்தத் தடவை, 'எனக்குப் பரீட்சை இருக்கு' என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. உன் அத்தான்தான் கிரீஸ் கையோடு மடித்தார்.

நீ எதையோ மறைக்கிறாய். நீ நல்லவள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நீ செய்கிற காரியங்களில்தான் எனக்கு எப்போதும் பயம்.

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நான் நம்பவில்லை. நீ பார்த்தாய், நீ சொல்கிறாய். பார்க்க எனக்கு அங்கே கண் இல்லை. அப்படியே உண்மையாக இருந்தாலும், தாயின் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கிற அளவுக்கு ஒரு பிள்ளை தானாகவா போகும்? யாரோ கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பேசித்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். அது நீ இல்லை என்றால் யார் என்று நீயே சொல்.

நானும் இவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். ஆகஸ்டு வரை காத்திருக்கப் போவதில்லை. ஜூன் பத்தாம் தேதி செயலாளர் வேறு இரண்டு மிஷனரிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே வருகிறார். அவர்களோடு வாலுவும் வருகிறாள். விடுதியில் இடம் சொல்லியாயிற்று. பாஸ்போர்ட் மிஷன் ஆபீசில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் மட்டும் நீ வாங்கிவைக்க வேண்டும். இவர் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். இங்கே பாதை மோசம், நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கு.

நீ என்னைத் திட்டுவாய். திட்டு. பத்து வயசு வரை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கின பிள்ளை. கோபம் இருந்தால் என் பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்த்துக் கோபப்படட்டும். மெத்தைக்கு அடியில் என்னை வைத்துவிட்டு அவள் மேலே படுத்துத் தூங்குவதை என்னால் தாங்க முடியவில்லை.

உன் தங்கை

மே 4

தங்கச்சிக்கு,

மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. பூட்சும் வாங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்றாள். 'சரி, வா, நானும் வர்றேன்' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். சபைக்குப் பக்கவாட்டில் இருக்கிற அறையில் வகுப்பு. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். செயலாளரம்மா என்னைப் பார்த்ததும் காணாதவர்களைக் கண்டது போலச் சிரித்தார். பாட்டு முடிந்து, 'கண்களை மூடுவோம்' என்றார். நான் மூடவில்லை. எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லாத நேரம் அது.

எல்லாத் தலையும் குனிந்தது. நம்மவளுக்குப் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், மூச்சு விடுகிற சத்தத்தில், 'தொண்ணூத்தாறு' என்றது. பக்கத்தில் இருந்தவள் 'தொண்ணூத்தேழு' என்றாள். அப்படியே வரிசையாகப் போயிற்று. 'நூறு, ஆமென்' என்று ஒருத்தி முடித்ததும் நாலைந்து தோள்கள் குலுங்கின. செயலாளரம்மா கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். வாலு கண்ணைத் திறந்து நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது மடல் சிவந்துபோயிருந்தது. பழகிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், அது என்ன எண்ணிக்கை என்று கேட்டேன். நம் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"டிசம்பர்ல அம்மா எழுதின ஜெபக் கடிதத்தைப் படிங்க பெரியம்மா. நான்தான் நானூறும் மடிச்சேன்."

மை தீற்றின பிரதிகளைப் பரணில் போட்டு வைத்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். நீ எழுதியதை உனக்கே எடுத்து எழுதுகிறேன். 'எங்கள் பதிமூன்று வயது மகளுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். தான் ஜெபிக்கும்போது யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை என்றும், கண்களை மூடி நூறு வரை எண்ணிவிட்டு எழுந்துவிடுவதாகவும் அவளே எங்களுக்கு எழுதியிருக்கிறாள். பின்வாங்கிப்போன இந்தச் சின்ன உள்ளம் திரும்பும்படி மன்றாடுங்கள்.'

இதைத்தானே அக்டோபரில் அட்டையைக் கவிழ்த்து வைத்து உனக்கு எழுதினாள்? எனக்குக்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னாள். நீ அதை அச்சுக்குக் கொடுத்தாய்.

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் மூன்றாக மடித்துத் தள்ளுவாள், நான் உறையில் போட்டு விலாசம் ஒட்டுவேன். கணக்கு டீச்சரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டே மடித்தாள். நடுவில் எங்கேயோ பேச்சு நின்றது. களைத்துவிட்டாள் என்று நினைத்து, 'போய்ப் படு, மீதியை நான் பாத்துக்கறேன்' என்றேன். 'இல்ல பெரியம்மா, முடிச்சிடலாம்' என்றாள். முடித்தாள். ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை, கோணலாகக்கூட மடிக்கவில்லை. அவள் மானத்தை அவளே மடித்துக் கொடுக்க, நான் தபால்தலை ஒட்டினேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக நான் உன் ஜெபக் கடிதத்தைப் படிப்பதில்லை. 'பிரியமானவர்களே' என்று ஆரம்பித்ததும் உறையில் போட்டுவிடுவேன். சபையில் ஆளாளுக்கு அவள் தலையைத் தடவி, 'உனக்காக ஜெபிக்கிறோம்மா' என்றபோது, மிஷனரி வீட்டுப் பிள்ளையிடம் எல்லோரும் சொல்வதுதானே என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை படித்திருந்தால் அந்தக் கட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பேன்.

ஜூன் பத்தாம் தேதி அவள் அந்தச் செயலாளரோடு வரமாட்டாள். வேண்டுமானால் போலீசோடு வரச் சொல்.

அக்கா

மே 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் நாள், நீயே கதை கட்டிவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் எங்களிடம் இருக்கிற பிரதியை எடுத்துப் பார்த்தேன். நீ ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

எழுதியது இவர் இல்லை, நான். 'இதைப் போடணுமா?' என்று இவர் கேட்டார். 'ஜெபம்தானே கேக்கறோம், ஊர்வம்பா பேசறோம்?' என்றேன் நான். எங்களுக்கு இது பழக்கம், அக்கா. கூரை ஒழுகினால் எழுதுகிறோம், எனக்குக் காய்ச்சல் வந்தால் எழுதுகிறோம், கூட வேலை செய்கிறவரோடு மனஸ்தாபம் என்றால் அதையும் எழுதுகிறோம். கேட்டால்தான் கிடைக்கும் என்றே வாழ்ந்து, எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்பது எனக்கு மறந்துவிட்டது. அதை அவள் ரகசியம் என்று நான் பார்க்கவில்லை. தேவை என்று பார்த்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வேறு எந்த ஜெபக் கடிதத்துக்கும் அவ்வளவு பதில் வந்ததில்லை. முகம் தெரியாதவர்கள் அழுதுகொண்டு எழுதியிருந்தார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது. இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இங்கே நான் ஆறுதலடைந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே அவள் பின்னால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்று இருந்தது. அதை நான் ஜெபக் கடிதத்தில் போடவில்லை. இவரிடம்கூடக் காட்டவில்லை. 'கண்ணை மூடினா உன் முகம் வரமாட்டேங்குதும்மா, பெரியம்மா முகம்தான் வருது' என்று எழுதியிருந்தாள். பார், எனக்கு ரகசியம் காக்கத் தெரியாமல் இல்லை. என் மானம் என்று வந்தபோது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிப்ரவரியிலிருந்து உனக்கு நான் எழுதிய ஒவ்வொரு குத்தலும் அந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான். உன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

ஜூன் பத்து வேண்டாம் என்று செயலாளருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஜூன் மாத ஜெபக் கடிதத்தில் எல்லோரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதப் போகிறேன். என் மகளின் அந்தரங்கத்தை வெளியிட்டது தவறு, அவளை யாரும் கேலி செய்ய வேண்டாம் என்று. இவரும் சரி என்கிறார்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். கொடு. எங்களோடு வருகிறாளா, உன்னிடமே இருக்கிறாளா என்பதை அவளே சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னாலும் கட்டுப்படுவேன். நீ சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் சரி. மன்னித்துக்கொள், இந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

உன் தங்கை

ஜூன் 5

தங்கச்சிக்கு,

ஜூன் மாத ஜெபக் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாயோ, அந்தக் கட்டு இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. நானூறு பேரிடம் சொன்னது தப்பு என்று அதே நானூறு பேரிடம் சொல்லப் போகிறாயா? மறந்துபோனவனுக்கும் ஞாபகப்படுத்தலாம் என்றா? உனக்கு மருத்துவம் படிக்கிற அளவுக்கு மூளை இருந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

செயலாளரம்மாவை நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். என்ன பேசினேன் என்று அவரே உனக்கு எழுதுவார், கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார். வகுப்பில் இப்போது அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறாராம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துக் கொடுத்தேன். வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்காங்க, பெரியம்மா?"

உனக்கு மட்டும்தான் என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து பிரித்துவிட்டிருந்தாள். அரை மணி நேரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் தாள் கேட்டாள். மூன்று நாள் எழுதினாள். எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தாள். உறையில் போட்டு, மருந்துப் புட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பசையை வழித்துத் தடவி, அதுவும் போதாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். போவதா இருப்பதா என்று என்ன முடிவு பண்ணினாய் என்று கேட்டேன். 'அம்மாவுக்கு எழுதியிருக்கேன் பெரியம்மா' என்றாள். அவ்வளவுதான்.

குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று வேறு ஒரு குடைச்சல். பெரியம்மா மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறாள், பஸ்ஸில் வைத்துக் குடைகிறாள், வீட்டில் யாரும் ஜெபிக்க முழங்கால் போடுவதில்லை என்று எழுதியிருந்தால் எதையும் மறுக்க முடியாது.

அந்த முகம் வருகிற வரியைப் பற்றி. நாலு தடவை படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அவள் போவதாக எழுதியிருந்தால் நான் தடுக்க மாட்டேன், பூட்ஸ் வாங்கித் தருவேன். ஆனால் அவள் இல்லாமல் அந்தக் கடையில் போய் நிற்க எனக்குப் பிடிக்காது. இதையும் எங்கேயாவது அச்சடித்துவிடாதே.

அக்கா

ஜூன் 22

அக்காவுக்கு,

வாலுவின் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிளாஸ்திரியைப் பிரிக்க ஆபரேஷன் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது பக்கம்.

'என்ன எழுதியிருக்கா?' என்று இவர் கேட்டார். அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முகம் வாடிப்போயிற்று, வாடட்டும். செயலாளரம்மாவும், 'ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். இங்கே வெயில் அதிகம் என்று பதில் போட்டேன். ஜூன் மாதக் கடிதத்தில் கூரை இருக்கிறது, ஜீப்பின் டயர் இருக்கிறது, எனக்கு வந்த பல்வலிகூட இருக்கிறது. அவள் இல்லை. நீ தைரியமாக மடிக்கலாம்.

உன்னிடமும் சொல்லப் போவதில்லை. குழல்விளக்கில் தூக்கிப் பிடித்தவளுக்கு இது பொறுக்காது என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறாளா, எழுதவில்லையா என்பதையும் சொல்ல மாட்டேன். அவளாக வாயைத் திறந்தால் கேட்டுக்கொள். திறக்காவிட்டால் பேசாமல் இரு.

ஒன்றே ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். அதை எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு தாளை நனைத்துவிட்டேன். ஆகஸ்டில் வந்துவிட்டு நாங்கள் திரும்பும்போது அவளுக்குப் பெட்டி கட்ட வேண்டாம், அக்கா.

உன் தங்கை